ஏழாம் எண்ணுக்கு வந்த பதில்

கல்லுருட்டியின் மலை மீட்புக் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்து பதினோரு பேரானதும், அந்தப் பதினோரு பேர் வழுக்குப்பாறையில் நின்று எண்ணும்போது மட்டும் மறுபடி பன்னிரண்டு பேரானதும் அந்த வட்டாரத்தில் பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அது பவுனுத்தாய்க்கு மட்டும் தெரியும். இரண்டு வருஷமாக அதை வாயைத் திறக்காமல் அடக்கி வைத்திருந்தாள், அது அவளை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது.

மீட்புக் குழு என்றதும் யூனிபாரமும் ஹெலிகாப்டருமாக எதையோ நினைத்துக்கொள்ளக் கூடாது. மஞ்சமொட்டை என்கிற மலை ஊருக்குப் பின்னால் நிற்கிறது. லீவு விட்டால் போதும், பட்டணத்து ஆட்கள் செருப்போடு அதில் ஏறி, போட்டோ எடுக்கிறேன் என்று விளிம்பில் நின்று, சறுக்கி விழுந்து, "ஐயோ" என்று ஒரு சத்தம் போடுவார்கள். தீயணைப்பு வண்டி கீழேயிருந்து வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், தீயணைப்புத் துறையில் முப்பது வருஷம் கயிறு பிடித்து ஓய்வு பெற்ற சவரியப்பன் சார் ஊரில் பன்னிரண்டு பேரைச் சேர்த்தார். ஜீப் ஓட்டுகிற காசிமாயன், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற மெஹருன்னிசா, ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய்க் காட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்துவைத்திருந்த பவுனுத்தாய், அவளுடைய தம்பி சென்றாயன், இப்படி ஒரு கூட்டம். காசு பணம் கிடையாது. சனிக்கிழமைதோறும் காலையில் ஏறிப் பயிற்சி, மத்தியானம் இறக்கம், கீழே வந்தால் ஆளுக்கொரு டீ.

பயிற்சிக்கு ஒரு பொம்மை இருந்தது. சாக்கில் மணலும் பழைய சைக்கிள் டியூபும் அடைத்து, எழுபது கிலோ கனத்துக்குத் தைத்து, யாரோ கல்யாணத்துக்குப் போட்டுக் கிழித்த ஒரு பட்டுச் சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். அதனால் அதற்குப் பெயர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, அலுங்காமல் குலுங்காமல் கயிற்றில் மேலே ஏற்றி, ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கொண்டு வர வேண்டும். தலை இடித்தால் சார் வைவார். "பொண்ணு வீட்டுக்காரனுக்கு யாருய்யா பதில் சொல்றது?" என்பார். மற்றபடி சிரிக்காத மனுஷன்; ஆபத்தில் ஊத ஆளுக்கொரு விசில் கொடுத்திருந்தார், அதைத் தொலைத்தால் அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட அவர் உயிராக வைத்திருந்தது எண்ணைத்தான். வழுக்குப்பாறை என்கிற இடத்தில் ஒரு பக்கம் சுவராக மலை, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது; மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கினால் முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. அங்கே வந்ததும் சார் "எண்" என்று ஒரு குரல் கொடுப்பார். ஒன்று, இரண்டு என்று அவரவர் நிற்கிற இடத்திலிருந்து அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒரு எண் வராவிட்டால் ஒரு கால் நகரக் கூடாது. கொடுத்த எண் ஒருவருக்குக் கொடுத்ததுதான், அவர் போனாலும் அடுத்தவருக்குப் போகாது. ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவருடைய எண்ணை மட்டும் தலைமாட்டில் பிடித்துவருகிறவர் சொல்லலாம். அது தவிர, செத்தாலும் ஒருத்தர் எண்ணை இன்னொருத்தர் சொல்லக் கூடாது. சென்றாயன் ஏழு. அவனுடைய அக்கா எட்டு.

இந்தச் சென்றாயன் தொலைந்த கதை ஊருக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை இறங்கும்போது வழுக்குப்பாறையில் எண் சரியாக இருந்தது, கீழே ஜீப் நிற்கிற ஜீப்படியில் ஆள் இல்லை. அப்படியென்றால் பாறைக்கும் ஜீப்புக்கும் நடுவில்தான் எங்கேயோ போயிருக்க வேண்டும் என்று பாறைக்குக் கீழே பத்தொன்பது நாள் தேடினார்கள். வனத்துறை, போலீஸ், தோட்டத்து ஆட்கள் என்று நூறு பேர் புதர் புதராக விலக்கிப் பார்த்தார்கள். "மேலயும் ஒரு தடவ பாப்போம் சார்" என்று பவுனுத்தாய் இரண்டு தரம் சொன்னாள். "எண்ணு பொய் சொல்லாதும்மா" என்று சார் இரண்டு தரமும் சொன்னார். பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. நாகஜோதி, சென்றாயன் பெண்டாட்டி, தாலியைக் கழற்றவும் இல்லை, பொட்டை அழிக்கவும் இல்லை. பாடியைக் காட்டுங்க, அப்புறம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு பதினோரு பேர் எண்ணினார்கள். "ஆறு" வந்ததும் ஒரு மூச்சு நேரம் எல்லாரும் சும்மா இருப்பார்கள், அப்புறம் பவுனுத்தாய் "எட்டு" என்பாள். இரண்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள், பனிக்குள்ளிருந்து, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றால் எங்கே நிற்குமோ அங்கிருந்து, "ஏழு" என்று ஒரு குரல் வந்தது.

யாரும் அலறவில்லை, ஓடவில்லை. பவுனுத்தாய் "எட்டு" என்றாள், அடுத்தவர் "ஒன்பது" என்றார், பன்னிரண்டு வரை போய் முடிந்தது. சார் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார், ஏழாம் எண்ணுக்கு நேரே "ஆஜர்" என்று எழுதினார். காசிமாயன்தான் இறங்கும் வழியில் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏப்பா, ஆம்பளக் குரலா அது, பொம்பளக் குரலா?"

அதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. தடித்த குரல், ஆனால் தடிக்க வைத்த மாதிரித் தடித்த குரல். வாய்க்குள் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேசின மாதிரி ஒரு குழறல் வேறு.

பவுனுத்தாய்க்குப் பிடிபட்டது. வாய்க்குள் ஒதுக்கியிருந்தது நெல்லிக்காய். அன்றைக்கு, சென்றாயன் தொலைந்த சனிக்கிழமை, இதே பாறைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் அவள் காதில் வந்து, "எக்கா, விசில மேல மரத்துல தொங்கவிட்டுட்டு வந்துட்டேன், சாரு கேட்டா மூணு மாசம் கயித்தத் தொடவிடமாட்டாரு, ஓடிப்போயி எடுத்துட்டு வந்துர்றேன், சமாளிச்சுக்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். சின்னப் பிள்ளையிலிருந்தே அவன் உடைத்த பானைக்கும் அவள்தான் சாக்குச் சொல்வாள், அவன் போகாத பள்ளிக்கூடத்துக்கும் அவள்தான் காய்ச்சல் சொல்வாள். எண் ஆறு வரைக்கும் வந்தது. அவன் வரவில்லை. அவள் தின்றுகொண்டிருந்த நெல்லிக்காயைக் கன்னத்தில் ஒதுக்கி, குரலைத் தடிப்பாக்கி, மழைக்கோட்டுக் குல்லாவுக்குள்ளிருந்து "ஏழு" என்றாள். நெல்லிக்காயைத் துப்பிவிட்டு "எட்டு" என்றாள். அவ்வளவுதான் செய்தாள். ஐந்து நிமிஷத்தில் பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துவிடுவான் என்றுதான் செய்தாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஜீப்படியில் சொல்லியிருக்கலாம், முதல் நாள் தேடும்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வரும், நாகஜோதி முகத்தைப் பார்த்ததும் போய்விடும். தானே போய்க் கண்டுபிடித்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை என்று, புல்லறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் தனியாக மேலே ஏறித் தொண்டை கிழியக் கத்தினாள். நாள் போகப் போக, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்கிற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியே ஊமையாகிப்போனாள். இப்போது அந்தக் குரல், அவளுடைய குரல், நெல்லிக்காயோடு பாறையில் நின்று பதில் சொல்கிறது.

கல்லுருட்டிக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதையும் நம்பமாட்டார்கள், நம்பிவிட்டால் அதற்கு ஒரு பந்தல் போடாமல் விடமாட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் குரல் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, மூன்றாவது வாரம் காசிமாயன் புளிச்சோற்றுப் பொட்டலம் பன்னிரண்டாகக் கட்டிக்கொண்டு வந்து, ஒன்றைப் பாறையோரத்து மரத்தில் தொங்கவிட்டான். இறங்கும்போது பார்த்தால் பொட்டலம் அப்படியே இருந்தது, ஆறி மட்டும் போயிருந்தது. "சாப்பிடாட்டி என்ன, வச்சமா இல்லையா" என்றான். வனத்துறை கார்டு, பாவம், சட்டம் தெரிந்த ஆள், பதினோரு பேருக்கு அனுமதிச் சீட்டு எழுதிவிட்டுப் பன்னிரண்டு பேர் போவது அவருக்கு உறுத்தியது. கடைசியில் பெயர் என்கிற இடத்தில் ஒரு கோடு போட்டு, ஆள் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்து நிம்மதியானார். தோட்டத்துப் பெண்கள் ஏழம்மா என்று பெயர் வைத்து மஞ்சள் நூல் கட்டினார்கள். ஆம்பளக் குரல் என்று சாதித்தவர்கள் ஏழப்பன் என்று சொல்லி அதே மரத்தில் வேட்டித் துண்டு கட்டினார்கள். இரண்டு கட்சிக்கும் சண்டை வந்து, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, பிறகு ஏழுசாமி என்று சமாதானமானார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போன டீச்சர் எண்ணிப் பார்க்கும்போது ஒரு பிள்ளை கூடுதலாக வந்ததாகவும், வந்தால் வரட்டும், குறையாமல் இருந்தால் சரி என்று இறக்கிக்கொண்டு வந்ததாகவும் சொன்னார்கள். ஆக மொத்தம் அந்தக் குரல் ஊரில் ஒரு ஆளாகிப்போயிற்று.

இதெல்லாம் பவுனுத்தாய்க்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகத்தான் இருந்தது. பொறுக்க முடியாதது நாகஜோதி. சங்கதி காதில் விழுந்த முதல் வாரமே அவள் மேலே ஏறி வந்தாள், பாறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள், எண் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டாள். குரல் வந்தது. அவள் முகம் அப்படியே பூத்துப்போயிற்று.

"மதினி, அவருதான். எனக்குத் தெரியாதா? சளி பிடிச்சிருக்கு, அதான் குரல் மாறிக் கெடக்கு."

"சோதி, அது வந்து..."

"பனியில நின்னா சளி பிடிக்காம என்ன செய்யும்? நீங்களே சொல்லுங்க."

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தாள். மகளிர் குழுவில் கற்றுக்கொண்டு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். நீலக் கம்பளி. பாறையில் உட்கார்ந்து பின்னுவாள், குரல் வந்ததும் ஊசியை நிறுத்திவிட்டு, "கேட்டுக்கிட்டேன், கேட்டுக்கிட்டேன்" என்று பனியைப் பார்த்துச் சொல்லுவாள். தாய்மாமன் மகன் ஒருத்தன், நல்லவன், கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தான், "புருசன் பேசிக்கிட்டு இருக்கையில என்ன பேச்சு பேசுற?" என்று விரட்டிவிட்டாள். அவளுக்கு இருபத்தேழு வயது. பவுனுத்தாய் அந்த ஊசியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், தன் குரலுக்குத்தான் அந்த ஸ்வெட்டர் என்று நினைப்பாள், "எட்டு" என்று சொல்லிவிட்டு இறங்குவாள்.

தை பிறந்து இரண்டாவது சனிக்கிழமை. அன்றைக்குப் பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. மாப்பிள்ளையைப் பள்ளத்திலிருந்து ஏற்றிக் கட்டி, தூக்கி, பாறைக்கு வந்து சேரும்போது மணி ஒன்றரை. சார் "எண்" என்றார்.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு."

"நாலு" என்று குரல் வந்தது. நாலு காசிமாயன். வந்தது நெல்லிக்காய்க் குரல்.

பவுனுத்தாய் அந்தக் குரலைக் கண்டுகொண்டாள். எண் ஓடிக்கொண்டிருந்தது, ஐந்து, ஆறு, அதே குரலில் ஏழு, எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். நாலு சொன்னது காசிமாயன் இல்லை என்று கத்த வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஒருவேளை மழைக்கோட்டுக் குல்லாவுக்குள்ளிருந்து அவன்தான் சொன்னானோ என்னவோ. இப்படித் தனக்குத் தானே ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு அவள் "எட்டு" என்றாள். சரியாகச் சொன்னால், இரண்டாவது தடவையும் ஒரு ஆளை அவள் மலையில் விட்டாள். நாகஜோதி மட்டும் இன்னும் நாலு வரிசை பின்னிவிட்டு வருகிறேன் என்று பாறையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கீழே எல்லாரும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். ஜீப் கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்று பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களைக் கேட்டார்கள், முன்னால் இருந்தவர்கள் டிரைவர் சீட்டைப் பார்த்தார்கள். காசிமாயன் உட்காரும் சீட்டு காலியாக இருந்தது.

சார் சாம்பல் பூத்துப்போனார். நோட்டைப் பிரித்தார். "பாறையில நாலு சொல்லியிருக்கான். அப்ப அதுக்குக் கீழதான். மெஹரு, நீ ஓடப் பக்கம் ஆளக் கூட்டிக்க. மத்தவங்க புதர்ப் பக்கம்..."

அதே வார்த்தை. அதே ஓடை, அதே புதர். பவுனுத்தாய் ஜீப்பிலிருந்து குதித்தாள்.

"மேல சார். மேலதான் இருக்கான்."

"எண்ணு பொய் சொல்லாதும்மா."

"சொல்லும் சார்! பாறையில நாலு சொன்னது காசிமாயன் இல்ல. ஏந்தலமேல அடிச்சுச் சொல்றேன், வாங்க சார், வந்துருங்க!"

மற்றவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நிற்காமல் அவள் ஏற ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் கயிறோடும் ஸ்ட்ரெச்சரோடும் பின்னால் ஓடிவந்தார்கள். பாறையில் நாகஜோதி ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன மதினி, திரும்பி வாறீக?" என்றாள். பனிக்குள் அவள் கை மட்டும்தான் தெரிந்தது.

சார் வாய்க்கு இருபக்கமும் கையைக் குவித்து, "காசிமாயா! எண்!" என்று கத்தினார்.

"நாலு" என்றது பனி. வலப்பக்கம் இருந்து வந்தது. அந்தப் பக்கம் இரண்டு பேர் போனார்கள். "நாலு" என்று இடப்பக்கம் இருந்து வந்தது. தலைக்கு மேலே இருந்து "நாலு", காலுக்கடியில் இருந்து "நாலு", மெஹருன்னிசாவின் காதோரத்தில் "நாலு", அவள் வெடுக்கென்று கழுத்தைத் திருப்பினாள், யாரும் இல்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் அத்தனை தடவையும் சலிக்காமல் பதில் வந்தது. சமாளித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் பத்திரம், எல்லாரும் இருக்கிறார்கள், கிளம்புங்கள் என்று சொல்வது போலத்தான் இருந்தது. நிஜமான காசிமாயன் எங்கேயாவது கத்திக்கொண்டிருந்தால் அந்தச் சத்தம் இந்தச் சத்தத்துக்குள் முங்கிப்போயிருக்கும். மணி நாலாகப் போகிறது.

பவுனுத்தாய் விளிம்புக்கு வந்து நின்றாள். நாகஜோதியைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் அடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பனியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏய், நிறுத்து. நீ நான்தான். உன்ன எனக்குத் தெரியும். அன்னைக்கு ஏழு சொன்னது என் தம்பி இல்ல சார், நான் சொன்னேன். அவன் விசில எடுக்க மேல ஓடினான். நீங்க வைவீகன்னு நான் குரல மாத்திக்கிட்டு ஏழு சொன்னேன், நெல்லிக்காய வாயில வச்சுக்கிட்டுச் சொன்னேன். அவன் பாறைக்கே வரல. பத்தொன்பது நாளு உங்க அம்புட்டுப் பேரையும் இல்லாத எடத்துல தேடவிட்டேன். பாவி நான். சொன்னது போதும், வாய மூடு, என் தம்பிய மூடினது போதும், இன்னொருத்தன மூடாத!"

சத்தம் நின்றது. மாசக்கணக்காக வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மிஷினை நிறுத்தினால் காது எப்படி ஙொய் என்று இருக்குமோ அப்படி இருந்தது. நாகஜோதி ஊசியைக் கம்பளியிலிருந்து மெதுவாக உருவினாள்.

"மூணு மாசமா உங்க குரலுக்கா மதினி நான் ஸ்வெட்டர் பின்னுனேன்?"

பவுனுத்தாய் பதில் சொல்வதற்குள், மேற்கே, மேலே, அவ்வளவு தூரமில்லாத ஒரு இடத்திலிருந்து, "நாலு! நாலுய்யா! எம்புட்டு நேரமாக் கத்துறேன், அம்புட்டுப் பேரும் செவிடாப் போனீகளா!" என்று காசிமாயன் கெட்ட வார்த்தையும் சேர்த்துக் கத்தினது கேட்டது. அந்த நேரத்தில் அதைவிட இனிப்பான கெட்ட வார்த்தை அங்கே யாருக்கும் இருந்திருக்காது.

ஒதுங்கப் போனவன் புல் மூடிக்கிடந்த ஒரு பாறைப் பிளவில் சறுக்கி, இருபதடி கீழே ஒரு திட்டில் உட்கார்ந்திருந்தான். வலது கால் முறிந்திருந்தது. மாப்பிள்ளையை எத்தனை சனிக்கிழமை ஏற்றினார்களோ அத்தனை பழக்கமும் கைக்கு வந்தது, தலை இடிக்காமல் மேலே கொண்டுவந்து கட்டினார்கள். கிளம்பும் முன்னால் சார் நின்றார். "எண்" என்றார்.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு." தலைமாட்டில் நின்ற மெஹருன்னிசா, "நாலு" என்றாள். "அஞ்சு." "ஆறு."

பழக்கப்படி ஒரு மூச்சு நேரம் எல்லாரும் சும்மா இருந்தார்கள். பாறையிலிருந்து ஒன்றும் வரவில்லை. பவுனுத்தாய் வாயைத் திறந்தாள். அப்போது, காசிமாயனை எடுத்த அதே பிளவுக்குள்ளிருந்து, இன்னும் ரொம்ப ஆழத்திலிருந்து, "ஏழு" என்று ஒரு குரல் வந்தது. மெல்லிசான ஆம்பிளைக் குரல். கொஞ்சம் சலிப்பாக, எத்தனை தடவை சொல்வது என்பது மாதிரி.

பவுனுத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பானையை உடைத்துவிட்டு அக்கா என்று கூப்பிட்ட குரல். காதில் வந்து சமாளிச்சுக்க என்று சொன்ன குரல்.

நாகஜோதி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பிளவையே பார்த்தாள். சளிப் பிடித்த குரலைக் கேட்டுக் கேட்டு அவள் காது அதற்கே பழகிப்போயிருந்தது.

"மதினி," என்றாள், "இது யாரு?"

பவுனுத்தாய்க்கு அந்தக் கேள்வியைப் போல வேறு எதுவும் அதற்கு முன்னும் பின்னும் வலித்ததில்லை. "அவன்தான் சோதி" என்றாள். "இதுதான் அவன்."

அன்றைக்கு வெளிச்சம் இல்லை, காசிமாயனை முதலில் இறக்க வேண்டியிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலையில் வெயில் நன்றாக ஏறியபிறகு போனார்கள். குழுவோடு ஊரிலும் பாதி வந்தது, யாரும் நூல் கட்டவில்லை, பொட்டலம் கட்டவில்லை. பவுனுத்தாயிடம் யாரும் பேசவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கயிற்றில் அவள்தான் இறங்கினாள். காசிமாயன் உட்கார்ந்திருந்த திட்டுக்கும் கீழே நாற்பதடியில், பிளவின் சுவர் இரண்டும் உரசுகிற மாதிரி நெருங்கின இடத்தில் மழைக்கோட்டு இருந்தது, அதற்குள் சென்றாயன் எலும்பாக இருந்தான். விசில் கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது. எடுத்துவிட்டிருக்கிறான், திரும்பி வந்திருக்கிறான். விசிலின் வாயில் பல் பதிந்து பதிந்து தேய்ந்துபோயிருந்தது. எத்தனை நாள் ஊதினானோ. பவுனுத்தாய் தனியாக ஏறிக் கத்தின மூன்று நாளும் அந்த ஆழத்துச் சத்தம் அவள் காதுக்கு எட்டவில்லை. கீழே எண் சரியாக இருந்ததால் வேறு யாரும் மேலே வந்து நின்று கேட்கவில்லை.

எலும்பும் ஒரு கோட்டும் என்ன கனம் கனத்துவிடும்? ஆனாலும் மாப்பிள்ளையைச் சிரித்துக்கொண்டு தூக்கின அதே ஆட்கள் நாலடிக்கு ஒரு தரம் தோளை மாற்ற வேண்டியிருந்தது. அறுபத்திரண்டு கிலோ, உயிரோடு இருந்த கனம், ஒரு கிலோ குறையவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, தூக்கிப் பழகினவர்கள் கைக்கு அது தெரியும். தலைமாட்டில் பவுனுத்தாய் பிடித்துவந்தாள். வழுக்குப்பாறை வந்தது. பனி இல்லை. சார் "எண்" என்றார்.

காசிமாயன் ஆஸ்பத்திரியில் இருந்தான்; நாலுக்கு ஒரு மூச்சு நேரம் விட்டார்கள். அதற்கு ஒரு பதிலும் வரவில்லை. "அஞ்சு." "ஆறு."

ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவனின் எண்ணைத் தலைமாட்டில் பிடிக்கிறவர் சொல்லலாம். சட்டப்படி அது அவளுக்குத்தான். பவுனுத்தாய் வாயெடுத்தாள்.

"நீங்க சொல்லாதீங்க மதினி."

நாகஜோதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நீல ஸ்வெட்டரை மழைக்கோட்டுக்கு மேலே விரித்து, ஓரத்தைச் செருகினாள். ஒரு கை மட்டும் பின்னி முடியாமல் நூல் தொங்கியது. பிறகு நிமிர்ந்து பவுனுத்தாயைப் பார்த்தாள். திட்டவில்லை. மன்னித்த மாதிரியும் இல்லை.

"தலமாட்டுல நிக்கிறவங்கதான சொல்லணும்? கைய எடுங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

பவுனுத்தாய் கையை எடுத்தாள். கால்மாட்டுக்குப் போய் நின்றாள். நாகஜோதி கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, குரலை மாற்றாமல், தன்னுடைய சொந்தக் குரலில், மலை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏழு" என்றாள்.

பனிக்குள்ளிருந்தோ பிளவுக்குள்ளிருந்தோ ஏதாவது வருகிறதா என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றும் வரவில்லை. பிறகு எல்லாரும் பவுனுத்தாயைப் பார்த்தார்கள். அவள் வாயில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எட்டு" என்றாள்.